கோவில் தெரியும் மாதம்

போன வருசம் மார்ச் மாதத்தில் சுவிஸிலிருந்து தங்கச்சி வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பினாள். நீலத் தண்ணீர், சுற்றிலும் செங்குத்தான மலை, மலையின் தலையில் பனி, கரையோரம் ஒரு வெள்ளை வண்டி. தூன் ஏரி என்று கீழே எழுதியிருந்தாள். அம்மா மூக்குக் கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு, போனைக் கொஞ்சம் எட்டப் பிடித்து வெகுநேரம் பார்த்தார். அப்புறம் கேட்டார்:

"இது மவுசாக்கலைதானே? வண்டி எப்படி அங்க எறங்கிச்சு?"

இல்லை அம்மா, அது வேறு நாடு என்றேன். அம்மா விடவில்லை. "மல அப்படியே இருக்கு. தண்ணிக்குள்ள கோவில் மட்டும்தான் இல்ல" என்றார்.

இலங்கை மலைநாட்டில் எங்கள் மஸ்கெலியாப் பக்கம் தெரியாதவர்களுக்காக ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இப்போது நாங்கள் மஸ்கெலியா டவுன் என்று சொல்வது பழைய டவுன் இல்லை. மஸ்கெலி ஓயா என்ற ஆற்றை மறித்து மவுசாக்கலை அணை கட்டி முடித்தது 1969இல். பழைய டவுன் தண்ணீருக்குள் போய்விட்டது. கடை வீதி, கோவில், விகாரை, பள்ளிவாசல் எல்லாம் அதோடு போயின. ஊர் மேட்டுக்கு ஏறியது. மழை இல்லாத மாதங்களில் தண்ணீர் நன்றாக இறங்கினால் பழைய கட்டடங்களின் மிச்சங்கள் வெளியே தெரியும். ஊர் மூழ்கியபோது அம்மாவுக்கு 16 வயது. இப்போது 71. கல்யாணமாகி அட்டன் பக்கத்துத் தோட்டத்துக்கு வந்தவர், முப்பது வருசத்துக்கு மேல் கொழுந்து பறித்தார், எங்களைப் படிக்க வைத்தார். அட்டனிலிருந்து மஸ்கெலியா சுமார் 20 கிலோமீற்றர்தான். ஆனாலும் கோவில் வெளியே தெரிந்த எந்த வருசமும் அவர் அங்கே போய்ப் பார்க்கவில்லை. முதலில் வேலை விடவில்லை, பிறகு முழங்கால் விடவில்லை.

இந்த மார்ச்சில் தங்கச்சியும் மச்சானும் வருகிறார்கள். பிள்ளைகள் அங்கே பெரிய படிப்பில் இருப்பதால் இரண்டு பேர் மட்டும். "போன வருசம் நாங்க போன மாதிரியே, நம்ம மலையில ஒரு வேன்ல அஞ்சு நாள் சுத்தலாமா அண்ணா? அம்மாவையும் கூட்டிக்கிட்டு" என்று தங்கச்சி கேட்ட அன்று இரவே நான் கொப்பியும் பேனாவுமாக உட்கார்ந்துவிட்டேன். அந்தக் கொப்பியில் நாலு மாதமாகச் சேர்ந்ததைத்தான் இங்கே எழுதுகிறேன். வயதான ஒருவரைக் கூட்டிக்கொண்டு மலைநாட்டு நீர்த்தேக்கங்களைச் சுற்ற நினைக்கும் யாருக்காவது உதவட்டும்.

ஏன் வேன், விடுதியில் தங்கினால் என்ன என்று மனைவியே முதலில் கேட்டாள். சிவனொளிபாதமலை அடிவாரத்து நல்லதண்ணியில் யாத்திரிகர்களுக்கு விடுதிகள் நிறைய இருக்கின்றன. ஆனால் மலைநாட்டில் எந்த வீடும் படி இல்லாமல் இல்லை. அம்மாவால் பத்துப் படிக்கு மேல் ஏற முடியாது. ஒரு மணிநேரம் உட்கார்ந்தால் அரை மணிநேரம் காலை நீட்டிப் படுக்க வேண்டும். அதோடு அவர் ஒரே ஒரு நிபந்தனை வைத்தார். கோவிலை விடியக்காலையில் பார்க்க வேண்டுமாம். வெயில் ஏறினால் தண்ணீர் மினுங்கிக் கண் கூசும், காற்று வந்தால் மூடுபனி வந்து எல்லாவற்றையும் மூடிவிடும். விடியும்போது அம்மா கரைக்கு மேல் இருக்க வேண்டுமென்றால் அவருடைய படுக்கையும் அங்கேதான் இருக்க வேண்டும்.

மச்சான் யாழ்ப்பாணத்துக்காரர். எதையும் அளந்து செய்கிறவர். அவர் அனுப்பிய பட்டியல் அவர்களுடைய போன வருசப் பயணத்துக்கானது. பனிக்கால டயர், கேஸ், எந்தக் கணவாய் மூடியிருக்கிறது, வண்டி நிறுத்தித் தங்கும் எந்த முகாம் எப்போது திறக்கிறது என்று எல்லாம் அதில் இருந்தன. அங்கே மார்ச் மாதம் என்றால் ஏரிக்கரையில் புல் துளிர்த்தாலும் மேலே குளிர்காலம் முடிவதில்லை. கிரிம்செல், சுஸ்டன் போன்ற கணவாய்ப் பாதைகள் மே கடைசி, ஜூன் வரைக்கும் பனியில் மூடிக் கிடக்கும். பல முகாம்கள் ஈஸ்டரை ஒட்டித்தான் திறக்கும். திறந்திருக்கும் சில முகாம்களிலும் குழாய் உறைந்து வெடிக்காமல் இருக்க வெளித் தண்ணீரை அடைத்துவிடுவார்கள். பியூட்டேன் கேஸ் பூச்சியம் பாகைக்குக் கீழே போனால் ஆவியாகாது, அதனால் புரொபேன்தான் எடுத்துப் போக வேண்டும்.

அதில் பாதி நமக்குத் தேவையில்லை. ஆனாலும் வரிவரியாகப் படித்தேன். படிக்கப் படிக்க ஒரு விஷயம் என்னை ஆச்சரியப்படுத்தியது. தூன் ஏரி கடல்மட்டத்திலிருந்து 558 மீற்றரில்தான் இருக்கிறது. நாங்கள் குடியிருக்கும் அட்டன் 1,200 மீற்றருக்கு மேல். அவர்களுடைய ஏரியை விட இரண்டு மடங்கு உயரத்தில் சாரத்தைக் கட்டிக்கொண்டு நிற்கிறோம்! இன்னொன்றும் உண்டு. அங்கே குளிர்காலத்தில் விழுவதெல்லாம் பனியாக மலையிலேயே தங்கிவிடுவதால், குளிர் முடியும் நேரத்தில் ஏரிகளில் தண்ணீர் குறைந்திருக்கும். மே, ஜூனில் பனி உருகித்தான் நிறையும். இங்கே மழை இல்லாமல், மின்சாரத்துக்குத் தண்ணீர் போய்க்கொண்டே இருப்பதால் மாசி, பங்குனியில் நீர்த்தேக்கங்கள் இறங்கும். மே கடைசியில் தென்மேல் பருவமழை வந்துதான் நிறையும். அங்கே பனியாலும் இங்கே மழையாலும், ஏறக்குறைய ஒரே மாதத்தில் குறைந்து ஒரே மாதத்தில் ஏறுகின்றன. இதை மச்சானிடம் சொன்னபோது அவர் கொஞ்சநேரம் பேசவில்லை. பிறகு, "அப்ப நாங்கள் அங்க பார்த்ததும் இறங்கின தண்ணியைத்தான் மச்சான்" என்றார்.

சரி, மாதத்துக்கு வருவோம். "தைப்பனி தரையைத் துளைக்கும், மாசிப்பனி மச்சைத் துளைக்கும்" என்பார்கள். நுவரெலியாப் பக்கம் ஜனவரி, பெப்ரவரியில் விடியற்காலை உறைபனி விழுந்து கொழுந்தும் உருளைக்கிழங்கும் கருகுவது உண்டு. மார்ச்சில் அந்தக் கடுமை தணிந்துவிடும். வடகீழ் மழை ஓய்ந்திருக்கும், தென்மேல் மழைக்கு இன்னும் நாள் இருக்கும். மேற்குச் சரிவுகளான டிக்கோயா, மஸ்கெலியா, தலவாக்கலை எல்லாம் காய்ந்து தெளிந்து இருக்கும். மாதக் கடைசி நெருங்க நெருங்கப் பின்னேரங்களில் இடியோடு மழை தொடங்கும். அதனால் மார்ச் முதல் பாதி. அதிலும் திங்கள் முதல் வெள்ளி. டிசம்பர் போயாவிலிருந்து, அதாவது பௌர்ணமியிலிருந்து, வெசாக் வரைக்கும் சிவனொளிபாதமலை யாத்திரை சீசன். சனி, ஞாயிறிலும் போயா நாளிலும் நோர்வூட் - மஸ்கெலியா - நல்லதண்ணிப் பாதையில் பஸ்ஸும் வேனும் வரிசையாக நிற்கும். ஆனால் சீசன் என்பதில் ஒரு நன்மையும் இருக்கிறது. 2,243 மீற்றர் மலையின் உச்சி வரைக்கும் பாதைக்கு விளக்குப் போட்டிருப்பார்கள். இரவில் கீழே இருந்து பார்த்தால் விளக்குமாலை மலைமேல் ஏறிப்போகும். அம்மா அதைப் படுத்துக்கொண்டே பார்க்கலாம்.

மாதத்தைப் பற்றிப் பேசும்போது அம்மா வேறொன்றைச் சொன்னார், அதையும் எழுதத்தான் வேண்டும். வரண்ட குளிர்காற்று அடிக்கும் இந்த மாதங்களில்தான் டிம்புள்ள பக்கத்துத் தேயிலைக்கு நல்ல மணம் வரும். பெப்ரவரி, மார்ச் தேயிலைக்கு ஏலத்தில் தனி மதிப்பு. ஆனால் அதே வரட்சியில் கொழுந்து துளிர்க்காது. மலை மலையாக ஏறி இறங்கினாலும் கூடையில் நிறை சேராது. நிறை சேராவிட்டால் அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளம்தான். "நல்ல தேயிலை வர்ற மாசம்தான் நமக்குச் சம்பளம் கொறையிற மாசம்" என்றார் அம்மா, பட்டாணி உரித்துக்கொண்டே. நாங்கள் உல்லாசமாகப் போகத் தேர்ந்தெடுத்த நாட்களில் பாதையோரத்து லயங்களில், தொழிலாளர் வரிசை வீடுகளில், கையில் காசு குறைவாகத்தான் இருக்கும். வாங்கும் தேங்காய், முட்டை, மரக்கறி எல்லாவற்றையும் அட்டனிலேயே வாங்கி நிரப்பிக்கொண்டு போகாமல், தோட்டத்துக் கடைகளில் அன்றன்றைக்கு வாங்குவது என்று அப்போதே கொப்பியில் எழுதிவிட்டேன்.

வண்டி என்ன வண்டி? மச்சான் ஓட்டியது 7 மீற்றர் நீள மோட்டார்ஹோம். அதைக் கொண்டுவந்து நோர்வூட் தாண்டி ஒரு முடக்கில் திருப்பினால் எதிரே வரும் சிடிபி அரச பஸ் நின்ற இடத்திலேயே நிற்க வேண்டியதுதான். நமக்கு ஏற்றது டொயோட்டா டொல்பின் வேன். பழையது, ஆனால் மலைக்குப் பழகியது, எந்த டவுனிலும் பாகம் கிடைக்கும், அதைத் தெரியாத மெக்கானிக் இல்லை. வாடகைக்குத்தான் எடுக்கிறோம், அதனால் எதையும் வெட்டி ஒட்டுவதில்லை. பின் இருக்கைகளை போல்ட் கழற்றி எங்கள் வீட்டிலேயே வைத்துவிட்டு, தச்சு வேலை தெரிந்த ஒருவரிடம் இரண்டு நீளப் பெட்டியும் குறுக்கே போடப் பலகையும் செய்து வாங்கினேன். பகலில் பெட்டி இருக்கை, இரவில் பலகையை இழுத்தால் கட்டில். அம்மாவும் தங்கச்சியும் உள்ளே, நானும் மச்சானும் வெளியே கூடாரத்தில்.

வேனின் படி அம்மாவின் முழங்காலுக்கு நேராக இருந்தது. ஏற முயன்று பார்த்துவிட்டுக் கையை எடுத்துவிட்டார். மரத்தில் தனிப்படி செய்யலாமா, இரும்பில் மடக்குப்படி வாங்கலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். கடைசியில் பக்கத்துக் கடையில் ஒரு பழைய சோடாப் பெட்டி கிடைத்தது. அதைக் கவிழ்த்து வைத்து, மேலே சாக்குத் துண்டு ஆணியடித்தேன். அம்மா இடது காலை முதலில் வைத்தார், கதவுக் கம்பியைப் பிடித்தார், ஏறிவிட்டார். ஏறி உட்கார்ந்து கீழே குனிந்து பெட்டியைப் பார்த்து, "இத மறந்துடாத" என்றார்.

முதலில் பேசிய வண்டி இது இல்லை. டவுனில் ஒருவரிடம் வேறொரு வேனை எடுத்து, வெள்ளோட்டமாக நோர்ட்டன் பிரிட்ஜ் பக்கம் இறக்கிப் பார்த்தேன். நாலாவது முடக்கில் ஒரு கருகல் வாசம். நிறுத்தி இறங்கினால் முன் சில்லுப் பக்கம் கை வைக்க முடியாத சூடு. பிரேக் பட்டை தேய்ந்து தகட்டுக்கு வந்திருந்தது. வண்டிக்காரர் "மலைன்னா அப்படித்தான் சேர்" என்றார். அப்படி இல்லை. ஏறும்போது எந்தக் கியரில் ஏறுகிறோமோ அதே கியரில்தான் இறங்க வேண்டும், வேகத்தை என்ஜின்தான் பிடித்து வைக்க வேண்டும், பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்கினால் நல்ல பிரேக்கும் சூடேறிப் பிடிக்காமல் போகும். ஆனால் தேய்ந்த பட்டை எந்தக் கியருக்கும் தாங்காது. அன்றே திருப்பிக் கொடுத்துவிட்டு வேறொருவரிடம் இந்த டொல்பினை எடுத்தேன். பட்டை புதிது, பிரேக் எண்ணெயும் மாற்றினேன். அந்த எண்ணெய் நாட்பட நாட்படக் காற்றின் ஈரத்தைக் குடித்து, சூட்டில் கொதித்துவிடும். மூடுபனிக்கு முன்னால் மஞ்சள் விளக்கு இரண்டு. அப்புறம் ஒரு கட்டளை: பின்னேரம் மூன்று மணிக்குப் பிறகு வண்டி ஓடாது. மேகம் இறங்குகிற நேரம் அது.

மச்சான் எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஒரே கேள்வியைத்தான் திரும்பத் திரும்பக் கேட்டார். "இரவில எங்க நிப்பாட்டுறது மச்சான்? அதை முதல் சொல்லுங்கோ."

அங்கே அது எளிது. முகாம், இலக்கம் போட்ட இடம், மின்கம்பம், கழிவு கொட்டக் குழி. காசு கட்டினால் முடிந்தது. இங்கே சமதரை என்பதே அரிது. இருக்கும் சமதரை ஒவ்வொன்றும் யாரோ புழங்கும் இடம். கோவில் முற்றம், விளையாட்டு மைதானம், ஸ்டோர் என்கிற தேயிலைத் தொழிற்சாலை வாசல், பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைமடுவத்து முற்றம். நீர்த்தேக்கக் கரை சும்மா கிடக்கிற மாதிரித் தெரியும், அங்கே நிறுத்தக்கூடாது. அணைப் பக்கம் காவல் இருக்கும். கரை இறங்கிய சேறு அதைவிட மோசம். வரைபடத்தில் புள்ளி வைத்து இதைத் தீர்க்க முடியாது, நேரில் போய்க் கேட்க வேண்டும் என்று ஜனவரிக் கடைசியில் ஒரு நாள் பஸ் ஏறினேன்.

மஸ்கெலியாவுக்கு மேலே ஒரு தோட்டம். கோவிலுக்குப் பொறுப்பானவரை லயத்து வாசலிலேயே பிடித்துவிட்டேன். விஷயத்தைச் சொன்னேன்.

"கரையில வேண்டாங்க சேர்" என்றார். "மேல காஞ்சு பாளம் பாளமா வெடிச்சிருக்கும். கால வச்சா முழங்கால் வரைக்கும் உள்ள போயிரும். மாடே மாட்டிக்கும். நம்ம கோவில் முத்தத்துல நிப்பாட்டுங்க. அங்கேருந்து பாத்தா பழைய கோவில் பக்கம் நேரா தெரியும்."

"எவ்வளவு குடுக்கணும்?"

"சாமிக்கு ஒரு தேங்கா ஒடைங்க."

கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்த ஒரு பாட்டி, அம்மா யார் மகள் என்று விசாரித்தார். தாத்தாவின் பெயரையும் தோட்டத்தின் பெயரையும் சொன்னேன். அவருக்குத் தாத்தாவைத் தெரியவில்லை. ஆனால் அந்தத் தோட்டத்தைத் தெரியும், அங்கே கட்டிக்கொடுத்த தன் அக்காவைத் தெரியும். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "ராத்திரிக்கு அம்மாவுக்குக் கக்கூஸ் வேணுமே. எங்க வீட்டுது முத்தத்துலேருந்து ஆறு எட்டுதான். வெளக்கப் போட்டு வைக்கிறேன், பயப்படாம வரச்சொல்லு" என்றார்.

கொப்பி தொடங்கிய நாளிலிருந்தே நான் தலையைப் பிய்த்துக்கொண்டிருந்த கேள்வி அது. மச்சானின் பட்டியலில் அதற்கு அரைப் பக்கம் இருந்தது. வாளிக் கழிவறை ஒன்றும் மரத்தூளும் எடுத்துத்தான் போகிறோம், மற்ற இரவுகளுக்கு. அதன் கழிவை வீட்டுக்கோ கழிவறைக் குழிக்கோதான் கொண்டுபோக வேண்டும். ஓடை பக்கம் கொட்டினால், அதே ஓடைத் தண்ணீர்தான் ஐந்நூறடி கீழே இன்னொரு லயத்துப் பீலியில் விழும். அங்கே ஒரு பிள்ளை வாய் கொப்பளிக்கும்.

வீட்டுக்கு வந்து இடத்தைச் சொன்னதும் அம்மா கேட்டது மூன்று கேள்விகள். முற்றத்துக்கு மேலே மரம் இருக்கிறதா? இருந்தால் மேலே பார்த்தாயா? சரிவில் மரங்கள் நேராக நிற்கின்றனவா, சாய்ந்து நிற்கின்றனவா?

மரத்தில் குளவிக் கூடு இருக்கும். சவுக்கு மரத்தில் இரண்டு கை அகலத்துக்குத் தொங்கும், காற்றடித்தாலும் கழுகு மோதினாலும் கலையும். கொழுந்து மலையில் குளவி கொட்டிச் செத்தவர்களை அம்மாவுக்குத் தெரியும். அவருடைய தோளில் இன்னும் மூன்று தழும்பு இருக்கிறது. மரம் சாய்ந்து நின்றால் மண் நகர்கிறது என்று அர்த்தம். தரையில் புது வெடிப்பு, பீலித் தண்ணீர் திடீரென்று கலங்குவது, இல்லாத இடத்தில் ஊற்று கிளம்புவது எல்லாம் அதே கதைதான். 2014 அக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லாந்தை மீரியபெத்தையில் லயங்கள் மேல் மலை இறங்கிய பிறகு, இதை யாரும் எங்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. மார்ச்சில் அந்த ஆபத்து குறைவு. ஆனாலும் பின்னேர மழை விடாமல் பெய்தால் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு அறிவித்தலைப் பார்த்துவிட்டுத்தான் இரவு தங்குவது. மஞ்சள் என்று வந்தாலே அட்டனுக்குத் திரும்பிவிடுவது. இதில் தங்கச்சி, மச்சான் யாருடைய ஆசையும் எடுபடாது.

பெப்ரவரியில் ஒரு சனிக்கிழமை இரவு எங்கள் வீட்டு முற்றத்திலேயே வேனில் படுத்துப் பார்த்தோம். அம்மா, நான், மனைவி. குளிருக்குப் பயந்து கண்ணாடிகளை எல்லாம் இறுக்கி ஏற்றிவிட்டோம். விடியற்காலை அம்மாவின் குரல்: "கூர ஒழுகுதாடா?" கையால் தடவிப் பார்த்தேன். வேனின் உட்கூரை முழுக்க முத்து முத்தாகத் தண்ணீர். அம்மாவின் கம்பளியின் மேல்பக்கம் மழையில் போட்டது போல நனைந்திருந்தது. மூன்று பேரின் மூச்சுதான் அது. குளிர்ந்த தகரத்தில் பட்டுத் தண்ணீராகி எங்கள் மேலேயே சொட்டியிருக்கிறது. மறுநாள் இரவு இரண்டு பக்கமும் கண்ணாடியை இரண்டு விரல் அளவு இறக்கி, நுளம்பு வலையைத் தைத்துப் போட்டோம். குளிர் கூடவில்லை. காய்ந்த கம்பளி, ஈரக் கம்பளியை விட எவ்வளவோ சூடு.

குளிருக்கு அடுப்பை உள்ளே மூட்டுவது என்ற பேச்சே இல்லை. மச்சான் இதை மூன்று தடவை போனில் சொன்னார், நானும் மூன்று தடவை எழுதலாம். மூடிய வண்டிக்குள் கேஸ் அடுப்போ கரிச்சட்டியோ எரிந்தால் காபன் மொனொக்சைட் சேரும். மணமும் இல்லை, நிறமும் இல்லை, தூங்குகிறவர் எழும்ப மாட்டார். அம்மாவுக்குச் சுடுதண்ணீர்ப் போத்தலைத் துவாயில் சுற்றிக் காலடியில் வைத்தால் போதும். அதுவே அவருக்குப் பழக்கமும்.

சமையல் எல்லாம் வெளியே, 2.3 கிலோ சிலிண்டரில். தேங்காய் ரொட்டிக்கு மாவும் கட்டச்சம்பலும் இருந்தால் இரண்டு வேளை ஓடிவிடும். பருப்புக்கு மட்டும் குக்கர் வேண்டும். 1,868 மீற்றர் உயர நுவரெலியாவில் தண்ணீர் 94 பாகையிலேயே கொதித்துவிடுவதால், சாதாரணச் சட்டியில் பருப்பு வேக நேரமெடுக்கும், கேஸும் கரையும். விளக்குக்கும் போனுக்கும் தனியாக ஒரு 100 ஆம்பியர் பேட்டரி. ஈயப் பேட்டரி என்பதால் பாதிக்கு மேல் இறக்கக்கூடாது, பாதியே எங்களுக்குத் தாராளம்.

பாதையை ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டியிருக்கிறேன். முதல் இரண்டு இரவு மஸ்கெலியா. மூன்றாவது இரவு காசல்ரீப் பக்கம், தெரிந்த ஒரு ஆசிரியரின் வீட்டு வாசலில். காசல்ரீ அணை 1965இல் முடிந்தது. அந்தத் தண்ணீரில் ஓடும் நோர்ட்டன் பிரிட்ஜ் மின்நிலையத்துக்கு விமலசுரேந்திரவின் பெயர். இந்த ஓயாக்களிலிருந்து மின்சாரம் எடுக்கலாம் என்று வெள்ளைக்காரன் காலத்திலேயே சொன்ன பொறியியலாளர் அவர். பிறகு தலவாக்கலை. சென்கிளயார் நீர்வீழ்ச்சியைப் பார்த்து ஒரு பிளேன்டீ, அவ்வளவுதான். மேல் கொத்மலைத் திட்டம் 2012இல் வந்த பிறகு அந்த நீர்வீழ்ச்சி எங்கள் சின்ன வயதில் பார்த்தது போல இல்லை. கடைசி இரவு நுவரெலியா, உறவுக்காரர் வீட்டு முற்றம். மனைவியும் பிள்ளைகளும் கோச்சியில் நானுஓயா வந்து அங்கே சேர்ந்துகொள்வார்கள். கிரகரி ஏரியில் பிள்ளைகளுக்குப் படகு. ஏப்ரல் சீசன் கூட்டம் இன்னும் வந்திருக்காது.

தூன் ஏரியையும் பக்கத்து பிரியென்ஸ் ஏரியையும் பனியாறு தோண்டியது, ஒரு காலத்தில் இரண்டும் ஒரே ஏரியாக இருந்தன, ஆறுகள் கொண்டுவந்து கொட்டிய மண்தான் நடுவில் பிரித்தது என்று மச்சான் சொன்னார். நாங்கள் போகும் ஏரிகள் எல்லாமே மனிதன் மறித்தவை. 1873இல் ஆளுநர் கிரகரி காலத்தில் உண்டாக்கிய நுவரெலியா ஏரிதான் அதில் மூத்தது. எங்கள் தண்ணீருக்கு வயது குறைவு. அதனால்தான் தண்ணீருக்கு முந்தியதை நினைவு வைத்திருக்கிற ஆட்கள் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள். எனக்கு இந்தப் பயணத்தில் அவசரம் என்று ஒன்று இருந்தால் அது இதுதான்.

அம்மாவின் அண்ணன், எங்கள் பெரிய மாமா, பழைய மஸ்கெலியாவை நன்றாக அறிந்தவர். 1964இல் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் போட்டு இங்கே இருந்த இந்திய வம்சாவளியினரில் 5 இலட்சத்து 25 ஆயிரம் பேரை இந்தியாவுக்கு அனுப்ப இரண்டு நாடும் முடிவு செய்தன. ஊர் மூழ்கிச் சில வருசங்களில் மாமாவின் குடும்பத்துக்கு அந்தப் பக்கம் போகக் கடுதாசி வந்தது. அட்டன் ஸ்டேசனில் கோச்சி ஏறி, தலைமன்னாரில் கப்பல் ஏறி, நீலகிரியில் கூடலூர்ப் பக்கம் போனார். அங்கேயும் தேயிலைதான். அங்கேயே இறந்தும் போனார். அவரைப் பற்றி அம்மா அதிகம் பேசுவதில்லை.

நேற்று மாலை கோவில் பொறுப்பாளர் போனில் ஒரு படம் அனுப்பினார். "தண்ணி நல்லா எறங்கிருச்சு சேர், படி தெரியுது" என்று குரலிலும் சொல்லியிருந்தார். சாம்பல் நிறச் சேறு, நடுவில் கருத்த கல் கட்டடம், அதன் முன்னே தண்ணீரை விட்டு வெளியே வந்த படிகள்.

அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். போனை எட்டப் பிடித்தார். பெரிதாக்கிக் காட்டவா என்று கேட்டேன், வேண்டாம் என்று தலையாட்டினார்.

"அந்தக் கடைசிப் படியிலதான் அண்ணன் என்னய உக்கார வச்சிட்டு முறுக்கு வாங்கப் போவாரு" என்றார்.

அப்புறம் எழும்பிப் போய், கற்பூரம் வைத்திருந்த தகர டப்பாவையும் நல்லெண்ணெய்ப் போத்தலையும் எடுத்துவந்து, முற்றத்தில் கிடந்த சோடாப் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்தார். கிளம்ப இன்னும் நாலு நாள் இருக்கிறது.